ஃபைனலுக்கு யார்? எக்செல்லிடம் கேட்போம்!

கால்பந்து ஆட்டம் 90 நிமிடம்தான். ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிய வாதம், நடப்பதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும். அதுவும் கல்லூரி அணிகள் மோதுகிறது என்றால் கேட்கவே வேண்டாம். டீக்கடை, பஸ் ஸ்டாண்ட், ஹாஸ்டல் வராண்டா என்று எங்கே பார்த்தாலும் "யார் ஜெயிப்பார்கள்?" என்ற பேச்சுதான். சில சமயம் இன்னும் சூடான கேள்வி ஒன்று வந்துவிடும். "ஃபைனலில் ஆடத் தகுதி யாருக்கு?" என்பதுதான் அது. இந்தக் கேள்விக்குக் கம்ப்யூட்டர் பதில் சொல்லுமா? சொல்லும். ஆனால் அந்தப் பதிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தால் போதும்.

மழை கெடுத்த லீக்

ஆழ்வார்குறிச்சி கடனா நதிக்கரையில் உள்ள ஊர். திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் ரயில் பாதையில் வருகிறது. 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். கல்லூரி உள்ள ஊர் என்பதால் பந்தாட்டப் பேச்சுக்குப் பஞ்சம் கிடையாது. ஒருமுறை ஆறு கல்லூரி அணிகளை வைத்து லீக் போட்டி ஒன்று நடந்தது. புள்ளிப்பட்டியலை எக்செல்லில் போட்டு வைக்கும் வேலை எனக்கு. எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. எனவே அணிகளுக்கு நம் பக்கத்து ஆறுகளின் பெயர்களை வைத்துக்கொள்வோம். கடனா, ராமநதி, சேர்வலாறு, மணிமுத்தாறு, சிற்றாறு, பச்சையாறு.

ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்து அணிகளுடன் ஒருமுறை ஆட வேண்டும். மொத்தம் 15 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளிகள். கோல் சமமாக இருந்தால் டைபிரேக்கர் வைத்து வெற்றியை முடிவு செய்வார்கள், எனவே டிரா கிடையாது. முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் ஃபைனலில் மோதும். நோட்டீசில் இப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்.

வடகிழக்குப் பருவமழை வேறு கணக்குப் போட்டது. மைதானத்தில் முழங்கால் தண்ணீர். நான்கு ஆட்டங்கள் நடக்கவே இல்லை. அடுத்த வாரம் பரீட்சை என்பதால் தேதியைத் தள்ளவும் வழியில்லை. நடந்த 11 ஆட்டங்களின் கணக்கு இதோ:

சேர்வலாறு: 3 ஆட்டம், 3 வெற்றி, தோல்வி இல்லை, 9 புள்ளிகள்
மணிமுத்தாறு: 5 ஆட்டம், 3 வெற்றி, 2 தோல்வி, 9 புள்ளிகள்
கடனா: 3 ஆட்டம், 2 வெற்றி, 1 தோல்வி, 6 புள்ளிகள்
ராமநதி: 3 ஆட்டம், 2 வெற்றி, 1 தோல்வி, 6 புள்ளிகள்
சிற்றாறு: 4 ஆட்டம், 1 வெற்றி, 3 தோல்வி, 3 புள்ளிகள்
பச்சையாறு: 4 ஆட்டம், 4 தோல்வி, புள்ளி இல்லை

சேர்வலாறு ஃபைனலுக்குப் போவதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதிரே நிற்கப்போவது யார் என்பதில்தான் சண்டை. மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. மணிமுத்தாறு கட்சிக்காரப் பையன் ஒருவனும் கடனா கட்சிக்காரப் பையன் ஒருவனும் என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"அண்ணாச்சி, நாங்க ஒம்பது புள்ளி வாங்கியிருக்கோம்லா. இதுல என்ன கேள்வி இருக்கு?" என்றான் முதல் பையன்.

"ஏலேய், நீங்க அஞ்சு ஆட்டம் ஆடி ஒம்பது. நாங்க மூணே ஆட்டம் ஆடி ஆறு. அதுலயும் உங்களைத்தான் தோக்கடிச்சிருக்கோம். அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க, தோத்தவன் ஃபைனல் போவானாம், ஜெயிச்சவன் வீட்டுல இருக்கணுமாம்!" என்றான் மற்றவன்.

ராமநதிக்காரர்கள் ஊரில் இல்லை. இருந்திருந்தால் "கடனாவும் நாங்களும் ஒரே கணக்குதானே, அவர்களை மட்டும் ஏன் பேசுகிறீர்கள்?" என்று கேட்டிருப்பார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

கேட்பவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் கடனா அணியின் கோல்கீப்பர் மூன்றாம் ஆண்டு மாணவர். அவருக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

புள்ளிப்பட்டியல் சொல்லாமல் விட்டது

மூன்று கட்சிகளின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. மொத்தப் புள்ளி பார்த்தால் அதிக ஆட்டம் ஆடியவருக்கு லாபம். வெற்றி சதவீதம் பார்த்தால் குறைந்த ஆட்டம் ஆடியவருக்கு லாபம். ஒரே ஒரு ஆட்டம் ஆடி ஜெயித்த அணிக்கு 100 சதவீதம் என்று வந்துவிடும். நடக்காத ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒரு புள்ளி கொடுத்துப் பார்த்தாலும், மணிமுத்தாறுக்கு 9, கடனாவுக்கும் ராமநதிக்கும் தலா 8 என்றுதான் வருகிறது.

இவை எல்லாவற்றிலும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. யாருடன் ஆடினார்கள் என்பதுதான் அது. கடனா ஆடியது சேர்வலாறு, மணிமுத்தாறு, சிற்றாறு ஆகிய அணிகளுடன். ராமநதி ஆடியது மணிமுத்தாறு, சிற்றாறு, பச்சையாறு ஆகிய அணிகளுடன். இருவரும் தலா இரண்டு ஆட்டம் ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் கடனா மோதிய மூன்று அணிகளில் ஒன்று தோல்வியே காணாதது. ராமநதி மோதிய மூன்றில் ஒன்று வெற்றியே காணாதது. இந்த வித்தியாசத்தை எண்ணாக மாற்ற முடியுமா?

கம்ப்யூட்டர் நடுவரான கதை

இதே தலைவலி பெரிய அளவில் வந்த இடம் அமெரிக்கா. அங்கே கல்லூரி ஃபுட்பால் என்பது கோடிக்கணக்கானோர் பார்க்கும் விளையாட்டு. நம் கால்பந்து அல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் ரசிகர்களின் வாதம் நம் ஊர் வாதம்தான். ராணுவ, கடற்படைக் கல்விக்கூடங்கள் 1890 முதலும், ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் 1897 முதலும் மோதி வருகின்றன.

முதல் தரப் பிரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உண்டு. ஒரு சீசனில் ஒவ்வொரு அணியும் சுமார் 12 ஆட்டங்கள்தான் ஆடும். எல்லாரும் எல்லாருடனும் ஆட வழியே இல்லை. அப்படியானால் முதல் இரண்டு அணிகள் எவை? 1998 சீசன் முதல் 2013 சீசன் வரை இதை முடிவு செய்தது பி.சி.எஸ். என்ற முறை. பயிற்சியாளர்கள் போன்றோரின் வாக்கெடுப்பும் கம்ப்யூட்டர் தரவரிசையும் சேர்ந்தது இது. 2004-ல் திருத்தியமைத்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வாக்கெடுப்புகளுக்கு, ஒரு பங்கு கம்ப்யூட்டருக்கு. தனித்தனியாக எழுதப்பட்ட ஆறு புரோகிராம்கள் இருந்தன. ஒவ்வொரு அணிக்கும் கிடைத்த ஆறு மதிப்பெண்களில் மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு, மீதி நான்கின் சராசரியை எடுத்துக்கொள்வார்கள்.

சண்டை தீர்ந்ததா? இல்லை. 2001 சீசனில் நெப்ராஸ்கா அணி தன் கடைசி லீக் ஆட்டத்தில் கொலராடோவிடம் 62-36 என்று உதை வாங்கியது. ஆனாலும் ஃபைனலுக்குப் போனது. அங்கே மயாமியிடம் 37-14 என்று தோற்றது. வாக்கெடுப்புகளில் இரண்டாம் இடத்தில் இருந்த ஓரிகன் அணி வெளியில் நின்றது. 2003 சீசனில் இரண்டு வாக்கெடுப்புகளிலும் முதல் இடம் பெற்ற யு.எஸ்.சி. அணிக்கே ஃபைனலில் இடம் கிடைக்கவில்லை.

நம் கடனா, மணிமுத்தாறு கதைக்கு நெருக்கமானது 2006 சீசன். நவம்பர் 18 அன்று முதல் இடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டும் இரண்டாம் இடத்தில் இருந்த மிச்சிகனும் மோதின. இரண்டும் அதுவரை தோல்வி காணாதவை. ஒஹையோ ஸ்டேட் 42-39 என்று மூன்றே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. உடனே புது வாதம் கிளம்பியது. மிச்சிகன் இப்போதும் இரண்டாவது சிறந்த அணிதானே, ஃபைனலில் இந்த இருவருமே மறுபடி மோதினால் என்ன? எதிர்க்கட்சி சொன்னது: ஒருமுறை தோற்றாயிற்று, வேறு அணிக்கு வாய்ப்புக் கொடுங்கள். முடிவில் ஃபுளோரிடா அணி மிகச் சிறிய வித்தியாசத்தில் மிச்சிகனைத் தாண்டி இரண்டாம் இடம் பிடித்தது. 2007 ஜனவரியில் நடந்த ஃபைனலில் ஒஹையோ ஸ்டேட்டை 41-14 என்று நொறுக்கியது.

கோலியின் எளிய சூத்திரம்

அந்தப் புரோகிராம்களை எழுதியவர்களில் ஒருவர் வெஸ் கோலி, வானியற்பியல் படித்தவர். தன் சூத்திரத்தை முழுமையாக வெளியிட்டிருந்தவர் அவர்களில் அவர் ஒருவரே. அதனால்தான் அதை இன்று நாமும் வீட்டில் போட்டுப் பார்க்க முடிகிறது.

முதல் படி மிகச் சுலபம். ஓர் அணியின் வெற்றியோடு 1 கூட்டுங்கள். ஆடிய ஆட்டங்களோடு 2 கூட்டுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். இதை 18-ம் நூற்றாண்டிலேயே லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித மேதை சொல்லிவிட்டார். ஒரு ஆட்டமும் ஆடாத அணிக்கு 1/2, அதாவது 0.5. ஒரு ஆட்டம் ஆடி ஜெயித்தால் 2/3. ஒரே வெற்றியை வைத்துக்கொண்டு 100 சதவீதம் என்று யாரும் மார்தட்ட முடியாது.

இரண்டாவது படியில்தான் எதிராளியின் பலம் வருகிறது. எதிராளிகள் எல்லாரும் சராசரி, அதாவது 0.5 என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். ஒருமுறை கணக்குப் போட்டதும் எல்லாருக்கும் புதிய மதிப்பு வரும். அந்தப் புதிய மதிப்பை எதிராளியின் பலமாக வைத்து மறுபடி கணக்கிட வேண்டும். பிறகு மறுபடி. சில சுற்றுகளில் எண்கள் அசையாமல் நின்றுவிடும். அதுதான் விடை. கோலி இதை மேட்ரிக்ஸ் கணக்காகச் செய்தார். நாம் எக்செல்லின் ஃபில் வசதியை வைத்தே முடித்துவிடலாம்.

எக்செல்லில் போடுவோம்

புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். நெடுவரிசைகளின் எழுத்துகளை இங்கே தமிழில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளைத் தர வேண்டும்.

1. ஏ2 முதல் ஏ7 வரை உள்ள செல்களில் அணிகளின் பெயர்களை டைப் செய்யவும். வரிசை: கடனா, ராமநதி, சேர்வலாறு, மணிமுத்தாறு, சிற்றாறு, பச்சையாறு.

2. பி நெடுவரிசையில் வெற்றிகள், சி நெடுவரிசையில் தோல்விகள்.

3. டி2 செல்லில் =1+(பி2-சி2)/2 என்று தந்து என்டர் தட்டவும். கடனாவுக்கு 1.5 கிடைக்கும். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்து டி7 வரை இழுக்கவும்.

4. ஈ2 செல்லில் =2+பி2+சி2 என்று தந்து, இதையும் ஈ7 வரை இழுக்கவும்.

5. எஃப்2 முதல் எஃப்7 வரை எல்லாவற்றிலும் 0.5 என்று டைப் செய்யவும். இதுதான் தொடக்க மதிப்பு.

6. ஜி நெடுவரிசைதான் முதல் சுற்று. இங்கே ஒவ்வொரு அணிக்கும் அதன் எதிராளிகளை மட்டும் கூட்ட வேண்டும். கடனா மோதியது 4, 5, 6 வரிசைகளில் உள்ள அணிகளுடன். எனவே ஜி2 செல்லில்
=($டி2+எஃப்4+எஃப்5+எஃப்6)/$ஈ2

ராமநதிக்கு ஜி3 செல்லில்
=($டி3+எஃப்5+எஃப்6+எஃப்7)/$ஈ3

சேர்வலாறுக்கு ஜி4 செல்லில்
=($டி4+எஃப்2+எஃப்5+எஃப்7)/$ஈ4

மணிமுத்தாறு எல்லாருடனும் ஆடியது. ஜி5 செல்லில்
=($டி5+எஃப்2+எஃப்3+எஃப்4+எஃப்6+எஃப்7)/$ஈ5

சிற்றாறுக்கு ஜி6 செல்லில்
=($டி6+எஃப்2+எஃப்3+எஃப்5+எஃப்7)/$ஈ6

பச்சையாறுக்கு ஜி7 செல்லில்
=($டி7+எஃப்3+எஃப்4+எஃப்5+எஃப்6)/$ஈ7

7. இப்போது ஜி2 முதல் ஜி7 வரை செலக்ட் செய்து, மூலைச் சதுரத்தைப் பிடித்து வலதுபுறமாக யூ நெடுவரிசை வரை இழுத்துவிடவும். 15 சுற்றுகள் ஒரே இழுப்பில் முடிந்துவிடும்.

டாலர் குறியை மறந்துவிட வேண்டாம். டி, ஈ நெடுவரிசைகள் இடம் மாறாமல் நிற்பதற்கு அதுதான் காரணம். எஃப்புக்கு முன்னால் டாலர் போடவில்லை. இழுக்கும்போது அது ஜி, அதற்கடுத்த நெடுவரிசை என்று நகர்ந்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் விடையை எடுத்துக்கொள்ளும்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. யூ நெடுவரிசையின் ஆறு எண்களையும் கூட்டினால் 3 வர வேண்டும். அணிக்கு 0.5 வீதம் ஆறு அணிகள். வரவில்லை என்றால் ஏதோ ஒரு பார்முலாவில் எதிராளி விட்டுப்போயிருக்கிறார்.

திரையில் வந்த விடை

முதல் சுற்றில் கடனாவுக்கும் ராமநதிக்கும் 0.600 என்று ஒரே எண் வரும். இரண்டாவது சுற்றிலேயே கடனா 0.641 என்று ஏறும், ராமநதி 0.514 என்று இறங்கும். கடைசியில் நிற்கும் எண்கள் இவை:

சேர்வலாறு 0.778
கடனா 0.632
மணிமுத்தாறு 0.563
ராமநதி 0.515
சிற்றாறு 0.317
பச்சையாறு 0.195

ஒரே வெற்றி, தோல்வி கணக்கு உள்ள கடனாவுக்கும் ராமநதிக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளியில் மணிமுத்தாறு வந்து உட்கார்ந்துவிட்டது. கடனா கட்சிக்காரன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "பாத்தியால? கம்ப்யூட்டரே சொல்லிட்டு!"

மணிமுத்தாறு கட்சிக்காரன் அசரவில்லை. "கம்ப்யூட்டர் எங்க சொல்லிச்சு? அமெரிக்காக்காரன் பார்முலா சொல்லிச்சு. நோட்டீசுல அது போட்டிருக்கா அண்ணாச்சி?" என்றான்.

அவன் கேட்டது சரியான கேள்வி. அதற்கு வருமுன் எண்களைப் பற்றி இன்னொன்றைப் பார்த்துவிடுவோம்.

ஒரு ஆட்டம் விட்டுப்போனால்

நடந்த 11 ஆட்டங்களில் யாரும் கண்டுகொள்ளாத ஆட்டம் ஒன்று உண்டு. கடைசி இரண்டு இடத்தில் உள்ள சிற்றாறும் பச்சையாறும் மோதியது. சிற்றாறு ஜெயித்தது. அதை மட்டும் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சிற்றாறின் வெற்றியை 0 என்றும் பச்சையாறின் தோல்வியை 3 என்றும் மாற்றி, ஜி6-ல் எஃப்7-ஐயும் ஜி7-ல் எஃப்6-ஐயும் எடுத்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். அந்த ஆட்டத்தில் கடனா ஆடவே இல்லை. ஆனாலும் அதன் மதிப்பு 0.632-லிருந்து 0.619 ஆகக் குறைகிறது. சேர்வலாறு 0.778-லிருந்து 0.791 ஆக உயர்கிறது. கடனா ஜெயித்த சிற்றாறின் மதிப்பு விழுந்ததால் கடனாவும் சற்று விழுகிறது.

இங்கே வரிசை மாறவில்லை. இடைவெளி குறைவாக இருந்தால் மாறிவிடும். இது கற்பனைக் கவலை அல்ல. 2010-ல் கோலியின் பட்டியலிலேயே நடந்தது. கீழ்ப் பிரிவில் அப்பலாச்சியன் ஸ்டேட், வெஸ்டர்ன் இல்லினாய் அணிகள் மோதிய ஓர் ஆட்டம் டேட்டாவில் சேராமல் விட்டுப்போனது. அதனால் மேல் பிரிவில் 10, 11 ஆகிய இடங்களில் இருந்த எல்.எஸ்.யு., பாய்சி ஸ்டேட் அணிகள் இடம் மாறியிருந்தன. ஜெரி பாம் என்பவர் தானே கணக்குப் போட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். சூத்திரமும் டேட்டாவும் வெளியில் இருந்ததால்தான் அது முடிந்தது. மூடிவைத்த புரோகிராம்களில் இப்படி ஏதாவது விட்டுப்போயிருந்தால் வெளியிலிருந்து யார் கண்டுபிடிப்பது?

என்ன முடிவு செய்தார்கள்?

போட்டி நடத்தியவர்களிடம் இரண்டு தாள்களைக் கொடுத்தேன். ஒன்று புள்ளிப்பட்டியல், மற்றது கோலி முறைப் பட்டியல். கேட்டபோது என் கருத்தையும் சொன்னேன். ஆட்டத் திறமையில் கடனாதான் இரண்டாவது அணி என்று என் எக்செல் சொல்கிறது, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் ஃபைனலுக்குப் போக வேண்டியது மணிமுத்தாறு. காரணம், நோட்டீசில் புள்ளி என்று அச்சடித்திருக்கிறோம். ஆட்டங்கள் முடிந்து, யாருக்கு என்ன வரும் என்று தெரிந்த பிறகு சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால், உண்மையில் நாம் தேர்ந்தெடுப்பது அணியைத்தான். நாளைக்கு இதே முறையில் வேறு யாராவது தங்களுக்குச் சாதகமான சூத்திரத்தோடு வந்து நிற்பார்கள்.

மணிமுத்தாறுதான் போனது. சேர்வலாறு கோப்பையை வாங்கியது. கடனா ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் பதில் இல்லை. அந்தக் கோல்கீப்பர் ஃபைனலன்று மைதானத்துக்கு வந்து, கயிற்றுக்கு வெளியே நின்று முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு எங்களால் எதையும் திருப்பித் தர முடியவில்லை. ஆனால் அடுத்த போட்டி நோட்டீசில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்தது. மழையால் ஆட்டங்கள் சமமாக நடக்காவிட்டால் கோலி முறைப்படி இடம் முடிவாகும். ஒர்க் ஷீட்டின் நகல் முதல் நாளே எல்லாக் கேப்டன்களுக்கும் தரப்படும்.

அடுத்த ஆட்டத்தில் யார்?

வரப்போகும் ஆட்டத்தில் யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று தெரிய வேண்டுமானால் இன்னொரு முறை உண்டு. செஸ் ரசிகர்களுக்குப் பழக்கமான எலோ ரேட்டிங். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ உருவாக்கியது. உலக செஸ் கூட்டமைப்பு 1970-ல் இதை ஏற்றது. கால்பந்தின் ஃபிபாவும் ஆண்கள் தரவரிசைக்கு 2018 ஆகஸ்டு முதல் எலோ வழியிலான கணக்கையே பயன்படுத்துகிறது.

ஏ2-ல் ஒரு அணியின் ரேட்டிங், பி2-ல் எதிரணியின் ரேட்டிங் இருந்தால், சி2-ல் =1/(1+10^((பி2-ஏ2)/400)) என்று தரவும். முதல் அணியின் எதிர்பார்ப்பு கிடைக்கும். ரேட்டிங் வித்தியாசம் 100 என்றால் 64 சதவீதம், 200 என்றால் 76, 400 என்றால் 91. ஆட்டம் முடிந்ததும் ரேட்டிங்கைத் திருத்த வேண்டும். 1500 உள்ள அணியை 1400 உள்ள அணி ஜெயித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 20 என்ற அளவு வைத்தால், ஜெயித்த அணிக்கு 12.8 கூடும், தோற்ற அணிக்கு 12.8 குறையும். எதிர்பார்த்தபடி பெரிய அணியே ஜெயித்திருந்தால் அதற்குக் கிடைப்பது 7.2 மட்டுமே.

கவனிக்க வேண்டியவை

* 64 சதவீதம் என்றால் ஜெயிப்பார்கள் என்று பொருள் அல்ல. இதுபோல நூறு ஆட்டம் நடந்தால் 36-ல் சிறிய அணிக்கும் பங்கு உண்டு என்றுதான் பொருள்.

* ஆறு அணி, 11 ஆட்டம் என்பது மிகச் சிறிய கணக்கு. கடைசி நிமிடத்தில் கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து முழுப் பட்டியலையும் மாற்றியிருக்கும். மூன்றாவது தசம இலக்கத்துக்காகச் சண்டை போட வேண்டாம்.

* டிரா உள்ள போட்டியானால் அதை அரை வெற்றி, அரை தோல்வி என்று பதிவு செய்யவும்.

* கோல் வித்தியாசத்தைக் கோலி முறை பார்ப்பதில்லை. 6-0 வெற்றியும் 1-0 வெற்றியும் ஒன்றே. பி.சி.எஸ். அமைப்பும் 2002 முதல் எல்லாக் கம்ப்யூட்டர் கணக்குகளிலிருந்தும் வெற்றி வித்தியாசத்தை நீக்கச் சொன்னது. தரவரிசைக்காக, ஏற்கனவே தோற்றுவிட்ட பலவீனமான அணியை மேலும் மேலும் அடிக்கக் கூடாது என்பதற்காக.

* மனிதர்களிடம் விட்டால் சண்டை தீரும் என்றும் நினைக்க வேண்டாம். 2014 முதல் அமெரிக்காவில் 13 பேர் கொண்ட குழு கூடி நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்தது. 2023-ல் 13 ஆட்டங்களிலும் ஜெயித்த ஃபுளோரிடா ஸ்டேட் அணியை அந்தக் குழு வெளியே நிறுத்தியது. ஒரு தோல்வி கண்ட அலபாமா உள்ளே போனது. 2024 சீசனில் எண்ணிக்கையை 12 ஆக்கினார்கள். இப்போது 12-வது இடத்துக்கு யார் என்று வாதம் நடக்கிறது!

உங்கள் ஊரில் அடுத்து நடக்கும் லீக்குக்கு, கால்பந்தோ கபடியோ வாலிபாலோ, இந்த ஒர்க் ஷீட்டை இன்றே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் விசில் ஊதுவதற்கு முன்பே அதை எல்லா அணிகளுக்கும் காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு காட்டுவதாக இருந்தால், காட்டாமல் இருப்பதே நல்லது.